கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

நலமா? இப்போதெல்லாம் நீ போனில் பேசுவதே இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். வேலை என்கிறாய். சரி. பொங்கலுக்கு வந்தபோது நீ வலது காதைக் கொடுத்தே கேட்டாய், குரலும் தணிந்திருந்தது. பெங்களூர் போய்ப் பக்குவம் வந்துவிட்டது என்று அப்பாவுக்குப் பெருமை. பெரியம்மாவும் இப்படித்தான் மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

பத்தாம் வகுப்பில் காதின் படம் வரைந்து பரிசு வாங்கியவள் நீ. நடுக்காதில் இருக்கும் மூன்று குட்டி எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. அந்த அங்கவடி 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறிய எலும்பு. காற்றில் வரும் ஒலி நேராக உள்காதின் திரவத்தில் பட்டால் ஏறக்குறைய முழுவதுமே திரும்பிப் போய்விடும். செவிப்பறையின் அதிர்வை இந்த மூன்றும் கைமாற்றி, அதைவிட ஏறக்குறைய 17 மடங்கு சிறிய, உள்காதின் வாசலான ஒரு சன்னலில் கொண்டுபோய் அழுத்துவதால்தான் நமக்குக் கேட்கிறது.

அங்கவடியின் அடியில் புது எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால் வெளிச்சத்தம் மங்கும். தன் குரல் மட்டும் மண்டையோட்டு வழியாகப் பலமாகக் கேட்கும், அதனால் தானாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள். தையல் மிஷின் ஓடும்போதுதான் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று பெரியம்மா சொன்னதை யாரும் நம்பவில்லையே, அதுவும் இந்த நோயின் குணம்தான். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும். ஆச்சியையும் நினைத்துப் பார்.

காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடு கயல்.

பயப்பட ஒன்றுமில்லை. 1956லேயே அமெரிக்காவில் ஜான் ஷே என்ற டாக்டர் அங்கவடியை எடுத்துவிட்டுச் செயற்கையாக ஒன்றை வைத்துக் காட்டிவிட்டார். பெரியம்மாவுக்கு ஆபரேஷன் ஆன பிறகு கரண்டி விழும் சத்தம்கூடத் தாங்க முடியவில்லை என்று சந்தோஷமாகச் சலித்துக்கொண்டாள். ஆபரேஷன் வேண்டாமென்றால் காது மிஷின் இருக்கிறது. வரன் பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று நீ மறைக்கிறாயோ என்றுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தெரிந்த பெண்ணுக்குத் தன் காதைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா? வரன் காத்திருக்கட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து ஆடியோகிராம் எடுத்துவிடு. அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். துணைக்கு நான் வரட்டுமா? வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா