உன் கையில் இருக்கும் எழுத்து

பாளையங்கோட்டை,
ஞாயிறு ராத்திரி.

எய்யா,

ஸ்தோத்திரம். அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் மறுபடியும் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். அதனால்தான் இந்தக் காகிதம். நீ ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிறுதோறும் அப்பா எழுதுவார்கள், நான் அடியில் இரண்டு வரி சேர்ப்பேன். முழுசாக ஒரு கடிதம் நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமை வீடியோவில் உன்னைப் பேசிய பேச்சுக்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் சித்தி போன் போட்டு, "அக்கா, உன் பிள்ளை கையில பச்சை குத்தியிருக்கான், போட்டோவில பார்த்தேன்" என்று சொன்னதும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. என்ன ஏது என்று உன்னிடம் கேட்கவே இல்லை. லேவியராகமம் 19:28 என்று ஆரம்பித்துவிட்டேன். நீ எகிப்து தேசத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாய், நான் விடவில்லை. "அப்பா பேரைக் கெடுத்துட்டியே" என்றும் சொல்லிவிட்டேன். நீ பதில் பேசாமல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாய். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "கர்த்தர் உன்னோடே." அப்பாவின் எழுத்து. அவசரத்தில் புள்ளிக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கோடு இழுப்பார்களே, அதுகூட அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், புள்ளியை மட்டும் ஒழுங்காக வைக்கமாட்டார்கள் என்று நான் சண்டை பிடிப்பேன். எழுந்துபோய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கடிதக் கட்டில் ஒன்று மட்டும் மடிப்பு மாறி மேலே கிடந்தது. உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வாரம் எழுதிய இன்லாண்ட் லெட்டர். போன தடவை வந்தபோது எடுத்திருக்கிறாய். என்னிடம் சொல்லாமல் எடுத்தாய் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் உன் மேல் எறிந்த வசனத்தை வேதாகமத்தைத் திறந்து வாசித்தேன். "செத்தவனுக்காக உங்கள் சரீரத்தைக் கீறிக்கொள்ளாமலும், அடையாளமான எழுத்துகளை உங்கள்மேல் குத்திக்கொள்ளாமலும் இருப்பீர்களாக; நான் கர்த்தர்." செத்தவனுக்காக என்று இருக்கிறது. எழுத்துகள் என்றும் இருக்கிறது. நீ செய்தது இரண்டும்தானே? ஒரு சிலுவையோ பூவோ குத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது. உனக்காகவே எழுதிவைத்த மாதிரி அந்த வசனம் என்னைப் பார்த்தது.

சரி, முழு அதிகாரத்தையும் வாசிப்போம் என்று முதலிலிருந்து வாசித்தேன். எத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன், ஆனால் லேவியராகமம் பத்தொன்பதை ஒரே மூச்சில் நான் வாசித்ததே இல்லை ஐயா. வயலை ஓரம்வரை அறுக்காதே, ஏழைக்கு விடு என்று இருக்கிறது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று இருக்கிறது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னால் தடுக்கல் வைக்காதே என்று இருக்கிறது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக", இயேசு சுவாமியே எடுத்துச் சொன்ன கற்பனை, அதுவும் அங்கேதான், பத்து வசனம் முன்னால். இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்றும் இருக்கிறது. அப்பா ஆயுசு முழுக்க டெரிகாட்டன் சட்டைதான் போட்டார்கள். உன் வசனத்துக்கு நேர் மேல் வசனம் தாடியின் ஓரங்களைக் கத்தரிக்காதே என்கிறது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால் மழமழவென்று சவரம் பண்ணிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தத் தெருவில் பீடி சுற்றும் பெண்களுக்குச் சேர வேண்டிய கூலி நாள் கடந்து போகிறது, அந்தக் கூலி வசனத்தைச் சொல்லி நான் யாருக்கும் போன் போட்டுக் கத்தியதில்லை. என் பிள்ளையின் தோலுக்கு மட்டும் கத்தினேன்.

நேற்று நம் சபைப் போதகர், சேகரத்து ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இஸ்ரவேலைச் சுற்றியிருந்த ஜனங்கள் சாவு விழுந்தால் உடம்பைக் கிழித்துக்கொண்டு அழுவார்கள், தங்கள் தெய்வத்துக்கும் அப்படித்தான். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் கத்தியாலும் ஈட்டியாலும் ரத்தம் வடியக் கீறிக்கொண்டதை நீயும் படித்திருப்பாய். அந்த வழியில் போகாதே என்பதுதான் அந்தக் கட்டளை என்றார். "சரீரம் தேவனுடைய ஆலயம்" என்று எல்லாரும் சொல்கிறார்களே என்றேன். பவுல் அதைச் சொன்ன இடத்தில் பேச்சு வேசித்தனத்தைப் பற்றியது, அதையும் சேர்த்து வாசியுங்கள் டீச்சர் என்றார். அப்புறம் அவரே என்னைக் கேட்டார், "தம்பி நம்பிக்கை இல்லாமல் துக்கிக்கிறானா?" என்று. தெசலோனிக்கேயருக்கு எழுதிய வசனம் அது. "கர்த்தர் உன்னோடே" என்று எழுதிவைத்தவன் நம்பிக்கை இல்லாதவனா? எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

ஐயா, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்குச் சாயங்காலம், நீ ஆட்களை வழியனுப்பிக்கொண்டு வாசலில் நின்றாய். உள்ளே பெரிய அத்தையும் இன்னும் இரண்டு பேரும் என்னை உட்காரவைத்துக் கம்மலைக் கழற்றினார்கள். "வழக்கம்தானே" என்றார்கள். நான் தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவர்களும் அழுதுகொண்டேதான் கழற்றினார்கள், கெட்ட மனசு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வேதத்தில் இருக்கிறது அது? செத்தவருக்காக ஒரு பெண்ணின் காதை மூளியாக்கு என்று எந்த அதிகாரம் சொல்கிறது? அன்றைக்கு யாரும் லேவியராகமத்தை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக வெறுங்காதோடு நற்கருணை எடுக்கிறேன், அது சபைக்குச் சரியாக இருக்கிறது. நீ அதே மனுஷருக்காகக் கையில் ஒரு வரி எழுதிக்கொண்டால் அது பாவமாகிவிடுகிறது. இதைத்தான் இந்த நாலு நாளாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

காது என்று சொன்னதும் எங்கள் ஆச்சி ஞாபகம் வருகிறாள். என் அப்பாவைப் பெற்றவள், உனக்குப் பூட்டி. நாசரேத் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். தோளைத் தொடும் காது, அதில் பாம்படம். அந்தக் காலத்தில் காது எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு கௌரவம். நாசரேத்தில் இருந்த மர்காஷிஸ் ஐயரைப் போன்ற மிஷனரிமார் இதற்கு எதிராகப் பேசினார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைக் காது வளர்க்க வேண்டாம் என்றார்கள். வளர்ந்த காதை அறுத்துத் தைத்துச் சிறிசாக்கியதும் உண்டு. பாம்படத்துக்காகத் திருடன் காதையே அறுத்துக்கொண்டு ஓடுவான், அதுவும் ஒரு காரணம். ஆச்சி மட்டும் காதைத் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். அதற்கு முந்தியே முழங்கைவரை பச்சை. குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்தியது. மஞ்சள்பொடியையும் அகத்திக்கீரையையும் துணியில் சுற்றிக் கருக்கி, அந்தக் கரியைக் குழைத்து ஊசியால் குத்துவார்களாம், குத்தும்போது வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடுவார்களாம். ஒரு கையில் கோலம், இன்னொரு கையில் தேள். ஞானஸ்நானத் தண்ணீரில் தேள் போகவில்லை. அந்தக் கையை நீட்டித்தான் அவள் சாகும்வரை அப்பம் வாங்கினாள். நான் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் முழங்கால் போட்டு, சுருங்கிப்போன தோலில் பச்சையாக நெளியும் அந்தத் தேளையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளை அங்கி போட்ட ஐயர் அந்த உள்ளங்கையில் அப்பத்தை வைப்பார். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்தான் உன்னை அப்படிப் பேசினேன்.

சித்தி மேல் நீ வருத்தப்படாதே. அவள் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனபோது கழுத்தில் காதில் இருந்த அத்தனையையும் கழற்றிவைத்தாள். அன்றைக்கு எங்கள் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நானும் அவளோடு ஒரு வருஷம் பேசவில்லை. ஆனால் அவள் அதை ஒரு வைராக்கியமாகச் செய்தாள், இன்றுவரை மாறவில்லை. டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையோடு கிராமம் கிராமமாக ஊழியத்துக்குப் போன பெண்களும் நகையைக் கழற்றியவர்கள்தான். "புறம்பான அலங்கரிப்பு உங்களுக்கு அலங்காரமாயிராமல்" என்று பேதுரு எழுதியதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நான் அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ரெபெக்காளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் பொன் ஆபரணம் போட்டதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இஸ்ரவேலர் தங்கள் பொன் காதணிகளைக் கழற்றித்தான் வனாந்தரத்தில் கன்றுக்குட்டியை வார்த்தார்கள் என்பதும் இருக்கிறது. அக்கா மகளுக்குக் காது குத்தியது உன் மடியில் வைத்துத்தானே? ஆசாரி வருவதற்கு முன்னால் அப்பா ஜெபம் பண்ணினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது, நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டு மிட்டாய் கொடுத்தோம்.

எகிப்துக்காரர்களைப் பற்றியும் ஐயரிடம் கேட்டேன். நீ சொல்ல வந்தது உண்மைதான் என்றார். அங்கே காப்டிக் சபையார் வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னச் சிலுவை குத்திக்கொள்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் குத்துகிறார்களாம். எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்கள் பச்சை குத்திக்கொண்டு திரும்புவதும் பல நூறு வருஷப் பழக்கமாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அவர்களுக்கு அந்தச் சிலுவை உயிரைக் கேட்கும் அடையாளம். மறைக்க முடியாதபடி நான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். அதை உனக்குச் சாட்சியாகக் கூப்பிடாதே. நீ அப்பாவை நினைத்துக் குத்தினாய், அதை அப்படியே சொல், அது போதும்.

இன்னும் எனக்கு ஒப்பாத விஷயங்கள் உண்டு. ஒன்று, இதோடு நிறுத்திக்கொள். ஒன்று குத்தினவர்கள் இரண்டாவதுக்குப் போகிறார்கள் என்கிறார்கள். உன் காதில் என்னமோ வளையம் மாட்டப்போவதாக அக்கா சொன்னாள். மாட்டினால் நான் கத்த மாட்டேன். ஆனால் எதற்கு என்று ஒரு நாள் யோசித்துவிட்டு மாட்டு. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்ற வசனத்தை இந்தத் தடவை எறியவில்லை, உன் கையில்தான் தருகிறேன். நம் சபையில் வயசானவர்கள் மனம் இடறுவார்கள், அவர்களோடு வாதம் பண்ணாதே. இன்னொன்று, அப்பா பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் ரத்தம் கொடுப்பாயே, பச்சை குத்தினால் 12 மாதம் கொடுக்கக் கூடாதாம், ரத்த வங்கியில் வேலை பார்க்கும் நம் எதிர்வீட்டுப் பிள்ளை சொன்னாள். அது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. இந்த வருஷம் உனக்குப் பதிலாக அக்காவை அனுப்புகிறேன். ஊசி புதுசுதானா என்று பார்த்தாயா? பார்க்காவிட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போய் மஞ்சள் காமாலைக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

கிறிஸ்மஸுக்கு வரும்போது முழுக்கைச் சட்டை தேட வேண்டாம். அரைக்கைச் சட்டையோடு வா. ஊசிக்கோபுரம் கோயிலில் நற்கருணைக்கு என் பக்கத்தில் முழங்கால் போடு. யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், "அவங்க அப்பா எழுத்து" என்று. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துவைத்தாயிற்று. மஸ்கோத் அல்வா முதலூரிலிருந்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பேங்க் லாக்கருக்குப் போய்க் கம்மலை எடுத்துவந்தேன். அப்பா என் முதல் பிரசவத்துக்குப் பிறகு வாங்கித் தந்த சிவப்புக்கல் கம்மல். வலது காதில் ஏறிவிட்டது. இடது காதில் துவாரம் தூர்ந்துபோயிருக்கிறது, கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவோ பார்த்தேன், போகவில்லை. ஆசாரியை வரச் சொல்ல வேண்டும். நீ வந்த பிறகு குத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

உன்
அம்மா