செவப்பு மூடி

கோத்தகிரி
ஞாயித்துக்கெழம ராத்திரி

கண்ணு,

போன்ல பேசுனா நீ சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அதான் டைப் பண்றேன், முழுசா படி. கண்ண அசைச்சா உள்ள சுருக்குனு வலிக்குது, ரெண்டு நாளா மங்கலா இருக்குன்னு சொன்ன, லீவு கெடைக்கலன்னு மெடிக்கல்ல பழைய சீட்டக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டேன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

மொத தடவ வந்தது ஞாபகம் இருக்கா சாமி, திண்ணைல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தோம், பிளாஸ்க் மூடியக் கையில எடுத்து ஒரு கண்ண மூடிப் பாத்த, அப்புறம் இன்னொரு கண்ண மூடிப் பாத்த, "அம்மா இந்தக் கண்ணுல செவப்பு வெளுத்துப் போன செங்கல் மாதிரி தெரியுது"ன்ன. வெளிய பாத்தா கண்ணு செவக்கல, பீளை கட்டல, நானும் தூசின்னு நெனச்சு சொட்டு மருந்து ஊத்தி நாலு நாள வீணாக்குனேன், அது இன்னிக்கும் உறுத்துது. வீக்கம் கண்ணுல இல்ல, கண்ணுக்குப் பின்னாடி மூளைக்குப் போற நரம்புலன்னு எனக்கு எப்படித் தெரியும். ஒயருக்கு மேல இருக்கற ரப்பர் மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்காம், உனக்கு இருக்கற எம்எஸ், அதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதுல நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த உறைய அரிக்குதாம். கோயம்புத்தூர்ல அந்த டாக்டரம்மா டார்ச்ச ஒரு கண்ணுல இருந்து இன்னொரு கண்ணுக்கு மாத்தி மாத்தி அடிச்சாங்க, வெளிச்சம் பட்டா சுருங்க வேண்டிய கண்ணு பாப்பா உனக்கு விரிஞ்சுச்சு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

அவங்கதான் சொன்னாங்க, அமெரிக்காவுல இந்தக் கண்ணு நரம்பு வீக்கம் வந்த 457 பேர வச்சு பண்ணுன ஆராய்ச்சி, 1992ல வந்துச்சாம், சின்ன டோஸ் பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் போட்டவங்களுக்கு மத்தவங்கள விட அதிகமா கண்ணுல திரும்ப வந்திருக்கு. டிரிப்ஸ்ல ஏத்துற மெத்தில் பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு பார்வைய சீக்கிரம் திருப்பிக் குடுக்கும், ஆனா ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஏத்தாதவங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் திரும்பியிருக்கும்னும் மறைக்காம சொன்னாங்க. அதனால நீ பயந்து சாகவும் வேண்டாம், தானே போயிரும்னு உக்காரவும் வேண்டாம். இப்பல்லாம் 1000, 1250 மில்லிகிராம்னு பெரிய டோஸா வாயிலயும் குடுக்கறாங்களாம், நீ வாங்குன மாத்திரை அது கெடையாது, அதக் கேக்கற எடம் மெடிக்கல் கடையும் கெடையாது.

காலைல மொத வேலையா நியூரோ டாக்டரப் போய்ப் பாரு, எனக்காக காத்திருக்காத. எத்தன மாத்திரை போட்டன்னு மறைக்காம சொல்லு. யூரின்ல எரிச்சல், காய்ச்சல் ஏதாச்சும் இருந்தா ஸ்டீராய்டு ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்லிரு. போன தடவ ஸ்டீராய்டு ஏத்துன மூணு நாளும் தூக்கமே இல்லாம ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்த, வாயெல்லாம் இரும்பு ருசின்னு ஊட்டி வர்க்கியக் கூட தள்ளி வச்ச, அதனால காலை நேரத்துல ஏத்த முடியுமான்னு கேளு, சுகரும் பாக்கச் சொல்லு. அதுக்கும் பார்வை திரும்பலன்னா ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாங்கற தண்ணிய மாத்தற வழி இருக்கு, அதையும் கேட்டு வச்சுக்கோ.

போன மே மாசம் பஸ் ஸ்டாப் வெயில்ல நின்னு கண்ணு மங்கி, ஏசி ரூமுக்கு வந்ததும் தெளிஞ்சுச்சே, அது வேற. ஒடம்பு சூடானா முன்னாடி அடிபட்ட நரம்பு தடுமாறும், ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1890லயே எழுதி வச்சிருக்காராம். குளுந்தா சரியாயிரும். இப்ப உனக்கு அப்படி இல்ல, வலியோட ரெண்டு நாளா நிக்குது, வெயில் மேல பழியப் போட்டு தள்ளிப் போடாத.

நாளைக்கு சாயங்காலம் பஸ்ல மேட்டுப்பாளையம் எறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் புடிக்கறேன், செவ்வாக்கெழம காலைல சென்ட்ரல்ல இருப்பேன். பழைய எம்ஆர்ஐ பிலிம எடுத்து வச்சுட்டேன், பிளாஸ்க்கையும்தான், அந்த செவப்பு மூடியோட.

அம்மா