ஆக்ராவில் ஒரு ராத்திரி தங்குங்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று ராத்திரி அத்தான் போன் செய்தார். மார்ச் முதல் வாரம் உங்களை டெல்லிக்குக் கூட்டிப்போகிறாராம். அங்கிருந்து ஒரே நாளில் ஆக்ரா போய்வர வண்டியும் பேசி வைத்துவிட்டாராம். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் தாஜ்மகால், கோட்டை இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள் அத்தை. ஆக்ராவில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கண்ணாடியைத் தேடி எடுத்து, பாதி படிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே எழுதினால் டேப்பில் எழுத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் படிப்பீர்கள். உங்களிடம் படித்தவர்கள் சிலரும் இதைப் பார்ப்பார்கள். நான் சொல்லப்போகிற அந்த பீரியட் அவர்களுக்கும் மறந்திருக்காது.

ஏழாம் வகுப்பில் நீங்கள்தான் எனக்கு வரலாறு. பள்ளிக்கூடத்துக்குள் 'அத்தை' என்று கூப்பிடக் கூடாது, 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தீர்கள். முகலாயர் பாடம் வந்தபோது கரும்பலகையில் பாபர் தொடங்கி ஔரங்கசீப் வரை கோடு இழுத்து வம்சத்தை எழுதினீர்கள். நூர்ஜகானுக்குப் புத்தகத்தில் மூன்று வரிதான். நீங்கள் அவளுக்காக முழு பீரியடையும் எடுத்துக்கொண்டீர்கள். பிழைப்புத் தேடிப் பாரசீகத்திலிருந்து கிளம்பிய குடும்பம், 1577இல் வழியில் காந்தகார் பக்கம் பிறந்த பெண் குழந்தை, முதல் கணவனைப் பறிகொடுத்த பிறகு 1611இல் ஜஹாங்கீரோடு கல்யாணம், அப்புறம் தன் பெயரிலேயே நாணயம் அடிக்கிற அளவுக்கு வளர்ந்த அதிகாரம். எல்லாம் சொல்லிவிட்டுக் கரும்பலகையின் ஓரத்தில் இன்னொரு கோடு போட்டீர்கள். நூர்ஜகானின் அண்ணன் ஆசப்கான், ஆசப்கானின் மகள் மும்தாஜ். "அப்படின்னா மும்தாஜுக்கு நூர்ஜகான் என்ன முறை வேணும்?" என்று கேட்டீர்கள். நான்தான் கையைத் தூக்கினேன். "அத்தை, டீச்சர்!" வகுப்பே சிரித்தது, நீங்களும் சிரித்துவிட்டீர்கள். ஷாஜகானுக்கு நூர்ஜகான் சிற்றன்னை, அதனால் மாமியார் வழியிலும் அத்தைதான் என்று சேர்த்துச் சொன்னீர்கள்.

அந்த அத்தை தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கட்டிய கல்லறை ஆக்ராவில்தான் இருக்கிறது. யமுனைக்கு அந்தக் கரையில். இதிமத் உத் தௌலா என்று பெயர். அது நூர்ஜகானின் அப்பா மிர்சா கியாஸ் பேக்குக்கு அரண்மனை கொடுத்த பட்டம். ஒரு நாள் பயணத்தில் அங்கே யாரும் கூட்டிப்போவதில்லை. நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதற்காகத்தான்.

முதல் தடவை நானும் ஒரு நாள் பயணமாகத்தான் போனேன். தாஜ்மகாலையும் கோட்டையையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு, "இதிமத் உத் தௌலா போகணும்" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "பேபி தாஜா? சின்ன இடம் மேடம், நேரம் இருக்காது" என்றார். ஆனால் சலவைக்கல் சாமான் விற்கிற கடைக்கு நேரம் இருந்தது. அங்கே முக்கால் மணி நேரம் உட்கார வைத்து டீ கொடுத்து, மேசைப் பலகையிலிருந்து சோப்பு டப்பா வரைக்கும் எடுத்து எடுத்துக் காட்டினார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கே தரையில் ஒரு பெரியவர் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கை குச்சியை இழுத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு கையில் நகத்தை விடச் சின்னதாக ஒரு சிவப்புக் கல். சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நாலு சுற்றுக்கு ஒருமுறை கல்லை எடுத்து, பளிங்கில் தோண்டி வைத்திருக்கும் பள்ளத்தில் வைத்துப் பார்க்கிறார். உட்காரவில்லை என்றால் திரும்பவும் சாணை. நான் நின்றிருந்த நேரம் முழுக்க ஒரே ஒரு இதழ். இந்த வேலைக்கு அங்கே பர்ச்சின்காரி என்று சொல்கிறார்கள். அந்தக் கடையில் பார்க்க வேண்டியதாக இருந்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு அந்தக் கரைக்குப் போகாமலே திரும்பிவிட்டேன்.

போன பிப்ரவரியில் இரண்டு பகல், ஒரு ராத்திரி என்று திரும்பப் போனேன். வேனில் ஆறு பேர். வழிகாட்டியும் கூடவே வந்தார். கொஞ்சம் வயதானவர், சுற்றுலாத் துறை அட்டை கழுத்தில் தொங்கியது. கிளம்பும்போதே "கடைக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். அவரும் சரி என்றார். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் போனால் அலுப்பே தெரியவில்லை. மதியத்துக்கு முன்னால் ஆக்ரா கோட்டை, சாப்பாடு, அப்புறம் மூன்று மணி வாக்கில் ஆற்றைக் கடந்தோம்.

அத்தை, கட்டடம் சின்னதுதான். தோட்டத்து நடுவில், செம்மணற்கல் மேடையில் ஒரு நகைப்பெட்டியை வைத்த மாதிரி இருக்கிறது. நான்கு மூலையிலும் குட்டையான கோபுரங்கள். குமிழ் மாதிரியான கும்மட்டம் கிடையாது, மேலே சதுரமாக ஒரு மண்டபம். கிட்டே போகப் போகத்தான் ஆளை அசத்துகிறது. சுவரில் உள்ளங்கை அகலம் கூட சும்மா விடவில்லை. மஞ்சள், பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று கல்லை வெட்டிப் பதித்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். கோலம் என்று சும்மா சொல்லவில்லை. நட்சத்திரமும் அறுகோணமுமாக ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போவதைப் பார்த்தால் மார்கழியில் நீங்கள் வாசலில் போடுகிற பெரிய சிக்குக்கோலம்தான் எனக்கு நினைவு வந்தது. புள்ளி எங்கே ஆரம்பித்தது என்று கண்ணால் தேடிக்கொண்டே இருந்தேன்.

இடுப்பு உயரத்தில் இன்னொன்று. கழுத்து மெலிந்த ஒரு கூஜா, பக்கத்தில் கிண்ணம், பூச்சாடி, சைப்ரஸ் மரம், மாதுளம்பழம். செத்தவர்களுக்குக் கட்டிய இடத்தில் விருந்துக்கு எடுத்து வைத்த மாதிரி. தொடக் கூடாது. ஆனால் முகத்தை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். அந்தக் கூஜாவின் பிடியில் ஒரு கல் முடிந்து அடுத்த கல் ஆரம்பிக்கிற இடத்தை ஐந்து நிமிஷம் தேடினேன். மயிரிழை கூடத் தெரியவில்லை. கடை வாசலில் ஒரு இதழுக்காகச் சாணை பிடித்துக்கொண்டிருந்த பெரியவரை நினைத்துக்கொண்டேன். உள்ளே ஜன்னல் முழுக்கக் கல்லில் வெட்டிய ஜாலி, அதாவது சல்லடை மாதிரித் தட்டி. அது வழியாக வரும் மதிய வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுகிறது. நடுவில் மஞ்சள் பளிங்கில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லறை.

ஆட்டோக்காரர்களும் வழிகாட்டிகளும் இதை 'பேபி தாஜ்' என்கிறார்கள். அத்தை, எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. கட்டியது 1622க்கும் 1628க்கும் நடுவில். தாஜ்மகால் தொடங்கியதே 1632இல். மூத்ததைப் போய்க் குழந்தை என்பதா? அது வரைக்கும் பெரிய முகலாயக் கல்லறை என்றாலே சிவப்புக் கல்தான். டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். முழுக்க வெள்ளைப் பளிங்கு, அதில் இப்படி வண்ணக் கல் பதிப்பு என்கிற வழியைத் திறந்தது இந்தக் கட்டடம்தான். அத்தை போட்ட பாதையில்தான் மருமகளின் வீட்டுக்காரர் நடந்திருக்கிறார்.

1628 என்ற வருஷத்தையும் பாருங்கள். 1627இல் ஜஹாங்கீர் போய்விட்டார். நூர்ஜகான், தன் மகளைக் கட்டிய ஜஹாங்கீரின் இளைய மகன் ஷாரியாருக்குப் பட்டம் வர வேண்டும் என்று நின்றாள். அண்ணன் ஆசப்கான் தன் மருமகன் ஷாஜகான் பக்கம் போய்விட்டார். அண்ணன் கை ஓங்கியது. 1628இல் ஷாஜகான் அரியணை ஏறினார். அதே வருஷம்தான் இங்கே வேலை முடிந்திருக்கிறது. அப்பா அம்மாவின் கல்லறை முடிந்த நேரத்தில் அவளுடைய காலமும் முடிந்துவிட்டது. அப்புறம் லாகூரில் ஒதுங்கி வாழ்ந்து 1645இல் அங்கேயே அடக்கமானாள். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அந்த மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது, நீங்கள் இதைப் பார்க்காமலேயே முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றி எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சாயந்தரம் மெஹ்தாப் பாக். தாஜ்மகாலுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிற தோட்டம். ஷாஜகான் தனக்காக அங்கே கறுப்புத் தாஜ் கட்ட நினைத்தார் என்று கதை சொல்வார்கள். தோண்டிப் பார்த்தபோது கறுப்புத் தாஜ் இல்லை, எண்கோணக் குளம்தான் கிடைத்தது. அங்கே கூட்டம் குறைவு, உட்காரவும் இடம் உண்டு. உங்கள் முட்டிக்கு அது பெரிய ஆறுதல்.

ராத்திரி பேட்டா வாங்கினேன். பளிச்சென்று கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த மிட்டாய், நம் வெண்பூசணிதான். கல்யாணத்துக்கு நீங்கள் காசி அல்வா கிளறுகிற அதே காய். நம் ஊரில் துருவி நெய் விடுகிறோம், அவர்கள் துண்டமாகவே பாகில் போடுகிறார்கள். எனக்கு உங்கள் அல்வாதான் உசத்தி.

மறுநாள் விடிவதற்கு முன்னால் தாஜ்மகால் வாசல். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் திறக்கிறார்கள். ராத்திரி அங்கேயே தூங்கி எழுந்ததால் உடம்பில் அசதி இல்லை. டெல்லியிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பி வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே தூங்கி வழிந்தார்கள். பெரிய வாசலைத் தாண்டினால் முதலில் வெள்ளையே இல்லை அத்தை. வடித்த கஞ்சி ஆறினால் ஒரு நிறம் இருக்குமே, அதுதான். பிறகு கிழக்குப் பக்கத்து மினாரில் வெயில் பட்டு, கும்மட்டத்தின் வலது பாதி மட்டும் மெல்ல நிறம் மாறியது. இடது பாதி இன்னும் கஞ்சி நிறம்தான். பத்து நிமிஷம் அந்த இரண்டு நிறமும் சேர்ந்தே இருந்தன. நான் போட்டோ எடுக்கவில்லை.

முந்தின நாள் நூர்ஜகான் கட்டியதைப் பார்த்ததால் எனக்குத் தாஜ்மகால் வேறு மாதிரி தெரிந்தது. முதல் தடவை அதன் அளவுதான் கண்ணில் பட்டது. இந்தத் தடவை அது எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறது என்பது பட்டது. அத்தை இண்டு இடுக்கு விடாமல் நிரப்பினாள். இங்கே வளைவு மூலைகளிலும் ஓரங்களிலும் மட்டும் கொடியும் பூவும். மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. உள்ளே போனால் சுவரின் கீழ்ப்பகுதியில் பளிங்கிலேயே செதுக்கிய பூச்செடிகள். கல்லறையிலும் அதைச் சுற்றிய எண்கோணத் தட்டியிலும்தான் வண்ணப் பதிப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். நட்டநடுவில் மும்தாஜ். பக்கத்தில், மையம் தப்பி, பின்னால் வந்து சேர்ந்த ஷாஜகான்.

1631இல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் மும்தாஜ் செத்துப்போனாள் என்று நீங்கள் சொன்னபோது வகுப்பில் நாங்கள் 'பதினாலா!' என்று வாயைப் பிளந்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது புரிந்தது.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உங்களுக்குத் தெரியாதது அதில் இல்லை. முசம்மன் புர்ஜ் என்கிற எண்கோண மாடத்துப் பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அங்கிருந்து தாஜ்மகால் தெரியும். 1658இலிருந்து 1666 வரை மகன் ஔரங்கசீப் அடைத்து வைத்த ஷாஜகான் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அதுதான். திரும்பும் வழியில் சிக்கந்தரா, அக்பர் கல்லறை. வாசலின் மேல் நான்கு வெள்ளை மினார், தாஜின் மினார்களை விட மூத்தவை. தோட்டத்தில் மான் மேய்கிறது. ஃபதேபூர் சிக்ரியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அது வேறு திசையில் 37 கிலோமீட்டர், படியும் ஏற்றமும் அதிகம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அத்தானிடம் சொல்ல வேண்டியது: வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. அதனால் சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பலாம், கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் திங்கள், செவ்வாய். நாங்கள் போனபோது நுழைவுக்கு 50 ரூபாய், கல்லறை மேடைக்குத் தனியாக 200. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். கீழே நின்று பார்த்தால் போதும் என்று அத்தான் சொன்னால் கேட்காதீர்கள். மேடைப் படி உயரம்தான், அவர் கையைப் பிடித்து மெதுவாக ஏறுங்கள். வண்டியைத் தள்ளியே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து வாசல் வரை பேட்டரி வண்டி உண்டு. வண்டி பேசும்போதே கடை கிடையாது, இதிமத் உத் தௌலா கண்டிப்பாக உண்டு என்று இரண்டையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

அங்கே போனதும் என்னை வீடியோ காலில் கூப்பிடுங்கள் அத்தை. அந்தக் கூஜா மேற்குப் பக்கமா தெற்குப் பக்கமா என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. சேர்ந்து தேடலாம்.

உங்கள் மருமகள்