பச்சையை மட்டும் பார்த்து ஏமாறாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; படகில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், செயற்கைக்கோள் படத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு முழுக்கப் பச்சையாகத் தெரிகிறதே, காடு தேறிவிட்டதா என்று கேட்டிருந்தாய். மேலிருந்து பார்த்தால் ஓரத்துச் சீமைக்கருவேலமும் பச்சைதானே! அதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

இந்தக் காடு கெட்ட விதம் உனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்து, நடுவில் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. கடல் ஓதத்தில் ஏறின தண்ணீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர் ஏறி இறங்க மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அதன் பிறகு வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நட்டார்கள்.

அதனால் நான் முதலில் வாய்க்காலைத்தான் பார்ப்பேன். வண்டல் படிந்து தூர்ந்திருந்தால், இன்றைக்கு மரம் தழைத்திருந்தாலும் பழைய வியாதி திரும்பப்போகிறது என்று அர்த்தம். புதிதாக நட ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது தூர்வாரக் கொடுக்கலாம். ஆனால் தூர்வாருவதற்கு யார் விழா எடுப்பார்கள்?

மண்ணின் உப்பைச் சித்திரை, வைகாசியில் அளக்க வேண்டும். மார்கழியில் அளந்தால் மழையும் ஆற்று வெள்ளமும் கழுவிவிட்ட மண், குறையே இல்லாதது போலத் தெரியும். பிறகு மரத்தடி. நண்டு வளைகள் இருக்கின்றனவா, தானாக முளைத்த கன்றுகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். நட்டதில் எத்தனை பிழைத்தது என்ற கணக்கைவிட இது எனக்குப் பெரிது. வாய்க்கால் கரையில் சுரபுன்னை, மேட்டில் தில்லை என்று மற்ற மரங்களும் வந்து சேர வேண்டும். வெண்கண்டல் மட்டுமே நின்றால் அதை நான் தோப்பு என்றுதான் சொல்வேன்.

தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைக் கேட்டால், எந்த வாய்க்காலில் இறால் வரத்து குறைந்தது என்று உடனே சொல்வார்கள். எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. இந்த முறை தனித்தாளில் எழுதி இணைக்கப்போகிறேன்.

உன்னிடம் பழைய ஆண்டுகளின் மே மாதப் படங்கள் இருந்தால் அனுப்பு. வாய்க்கால் வாரியாக வைத்துப் பார்க்கலாம். பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்றா?

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்