நலச்சங்க ஆண்டறிக்கை 2024-25: பதினெட்டு அடி வீடும் செட்பேக்கும்

தலைவர் ஐயாவுக்கும் கமிட்டி மெம்பர்களுக்கும் வந்திருக்குற அக்கா, அண்ணன், பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா தண்ணி, குப்ப, தெருவிளக்குன்னு ஆரம்பிப்போம், இந்த தடவ அதெல்லாம் கடைசில ரெண்டு வரில முடிச்சிடுறேன், ஏன்னா இந்த வருஷம் கூடுன ஒம்போது கூட்டத்துல ஏழு கூட்டம் ஒரே பிரச்சனைக்குத்தான் கூடுனோம். யாரு எவ்ளோ கட்டலாம், எவ்ளோ எடம் விடணும், பக்கத்து வீட்டுக்காரங்க வெளிச்சத்துக்கு எங்க போறது.

ஒண்ண முதல்லயே சொல்லிடணும். என் வீடும் 18 அடி அகலம்தான், எங்க அண்ணனும் இடிச்சு கட்டணும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்காரு. அதனால இதுல எனக்கும் பங்கு இருக்கு. அத மனசுல வச்சுக்கிட்டே இந்த அறிக்கைய கேளுங்க.

பழைய வண்ணாரப்பேட்டைல நம்ம தெருங்க எப்படி இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, 18 அடி அகலம் 50 அடி நீளம், ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், முன்னாடி திண்ணை, நடுவுல முத்தம், பின்னாடி கிணறு. 900 சதுர அடி, அர கிரவுண்டு கூட கிடையாது. தாத்தா காலத்துல ஒரு குடும்பம் இருந்த எடத்துல இப்ப மூணு பாகம், மூணு அடுப்பு. பசங்க கல்யாணம் ஆகி மாதவரம் பக்கமோ ரெட்ஹில்ஸ் பக்கமோ வாடகைக்கு போறத விட இங்கயே மாடி எடுத்து இருக்கலாம்னு நெனைக்கிறது நியாயம், அத நம்ம சங்கம் என்னிக்கும் தப்புன்னு சொல்லல, சொல்லவும் கூடாது.

ஆனா பிளான் போட உக்காந்தா கணக்கு இடிக்குது. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல எஃப்.எஸ்.ஐ., அதாவது மனை அளவுல எத்தன மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 2-ன்னு இருக்கு, நெறய பேரு அத ரெண்டு மாடின்னு நெனச்சுக்குறாங்க, அது மாடி கணக்கு இல்ல, 900 சதுர அடி மனைன்னா எல்லா மாடியும் சேத்து 1800 சதுர அடி, அவ்ளோதான். அது நமக்கு போதும். இடிக்கிறது செட்பேக்குலதான், அதாவது கட்டடத்த சுத்தி மனைக்குள்ள காலியா விட வேண்டிய எடத்துலதான். ரெண்டாவது சந்துல இருக்குற ஒரு அண்ணன் வீட்டுல இன்ஜினியர் டேப் போட்டு அளந்தப்ப நானும் கூட நின்னேன். ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் விட்டாலே 18 அடில பதினாலே முக்கால் அடிதான் மிச்சம், ரெண்டு பக்கமும் ஒம்போது இஞ்ச் சுவர் போனா பதிமூணேகால், படிக்கட்டுக்கு மூணடி எடுத்தா ரூமுக்கு பத்தடி. அந்த அண்ணன் டேப்ப சுருட்டி கைல வச்சுக்கிட்டு, "எங்கப்பா இங்க பதினாறு அடி கூடத்துல எனக்கு கல்யாணம் பண்ணி வச்சாரு"ன்னாரு. அதுக்கு மேல அவரு ஒண்ணும் பேசல.

ஜார்ஜ் டவுன் மாதிரி பழைய எடத்துக்கு தொடர் கட்டடப் பகுதின்னு விதியிலயே ஒரு வழி இருக்கு, அங்க பக்கவாட்டுல எடம் விட வேண்டியதில்ல, சுவரோட சுவர் சேத்து கட்டலாம். நம்ம பக்கம் ஒரு தெரு அந்த பட்டியல்ல வருது, அடுத்த தெரு வரல, ரெண்டு தெருவும் பாத்தா ஒரே மாதிரி வீடு ஒரே மாதிரி பொதுச்சுவர். வராத தெருக்காரங்க என்ன பண்றாங்க, பேப்பர்ல எடம் விட்ட மாதிரி பிளான் வாங்கிட்டு நேர்ல முழுசா கட்டிடுறாங்க, அப்புறம் நோட்டீஸ் வந்தா நெஞ்சு படபடன்னு சங்கத்துக்கு ஓடி வராங்க. இந்த வருஷம் அப்படி மூணு பேரு வந்தாங்க. மூணு பேருமே நம்மாளுங்க, ஒருத்தர கூட ஏமாத்துக்காரர்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பிளான மீறி கட்டினா டீவியேஷன் டீவியேஷன்தான், அத மூடி மறைக்க சங்கத்தோட லெட்டர்பேட் தர முடியாதுன்னு கமிட்டி முடிவு பண்ணிச்சு. கோவப்பட்டவங்க இன்னிக்கும் என்கிட்ட பேசறதில்ல.

2024 ஜூலைல சுயசான்று முறைல கட்டட அனுமதி வந்துச்சே, 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும். ஆபீஸ் ஆபீஸா அலையாம ஆன்லைன்ல வாங்கிக்கலாம், நல்ல விஷயம், நாம வரவேற்கிறோம். ஆனா தெளிவா கேட்டுக்கோங்க, செட்பேக் விதி அதுக்கும் உண்டு, சான்று குடுக்கிறது நீங்க, அதனால தப்புன்னா பொறுப்பும் உங்களோடதுதான். ரெண்டாவது மாடி எடுக்கணும்னா அந்த வழி செல்லாது. மேஸ்திரி சொன்னாருன்னு ஒரு மாடி கூடுதலா ஏத்திட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க.

இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க பக்கம். நாலாவது சந்து மூலை வீட்டு ஆயாவ எல்லாருக்கும் தெரியும். அவங்க சமையல்கட்டுக்கு இருந்த ஒரே ஜன்னல் பக்கத்து மனைய பாத்து இருந்துச்சு, பக்கத்துல புதுசா மூணு மாடி சுவர் எழும்பினதுல ஜன்னலுக்கும் சுவருக்கும் ஒரு கை நொழையற அளவு கூட எடம் இல்ல. நான் போனப்ப பகல் பதினோரு மணி, ட்யூப்லைட் போட்டுக்கிட்டு முறத்துல அரிசி பொறுக்கிட்டு இருந்தாங்க. கரண்ட் போச்சுன்னா வாசப்படில வந்து உக்காந்துடுறாங்களாம். பக்கத்து வீட்டுக்காரரு மேல கோவமான்னு கேட்டேன், "அவனுக்கும் ரெண்டு பொண்ணு இருக்குல்லப்பா"ன்னாங்க. இந்த பதில கேட்டதுலருந்து எனக்கு தூக்கம் சரியா இல்ல.

அடுத்து தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னதுக்கு அப்புறம் இடிச்சு கட்டற எல்லாரும் அஸ்திவாரத்த மூணடி ஒசத்துறாங்க, ஒசத்தாம என்ன பண்ணுவாங்க, ரோடுதான் வருஷா வருஷம் ஏறுதே. 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாரு, பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும்னு. நம்ம தெருவுல போட வந்த கான்ட்ராக்டர் ஆளுங்க மேலயே ஊத்திட்டு போயிட்டாங்க, நாம ஓடிப்போய் நிறுத்தறதுக்குள்ள பாதி தெரு முடிஞ்சிடுச்சு. மூணடி ஒசத்தின வீட்டுக்கு பைக் ஏத்த ராம்ப் வேணும், ராம்ப் மனைக்குள்ள விட்டா ஹாலு போயிடும், அதனால வெளிய மழைநீர் கால்வாய் மூடி மேலயே சிமெண்ட் போட்டு இறக்கிடுறாங்க. 16 அடி தெருவுல ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி ராம்ப்புன்னா மிச்சம் பத்தடி, தண்ணி லாரி திரும்பறதில்ல, ஆம்புலன்ஸ் முக்குலயே நிக்குது. மூடி மேல சிமெண்ட் பூசினா தூர் வாரவும் முடியாது, தண்ணி பழைய, ஒசத்தாத வீட்டுக்குள்ளதான் போகும், அதாவது ஆயா வீட்டுக்குள்ள.

மெயின் ரோடு விஷயம் வேற. மெட்ரோ 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பிச்சதுலருந்து டி.எச். ரோட்டு (திருவொற்றியூர் ஹை ரோடு) ஓரத்து மனைங்க வெல எங்கயோ போயிடுச்சு. அகல ரோட்டுல இருக்குறவங்களுக்கு பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. உண்டு, கைடுலைன் வேல்யூ, அதாவது அரசு வச்ச நில மதிப்பு கணக்குல காசு கட்டினா 9 மீட்டர் ரோட்டுக்கு 30 சதவீதம், 12 மீட்டர்னா 40, 18 மீட்டருக்கு மேலன்னா 50 சதவீதம் கூடுதலா கட்டலாம். நம்ம சந்துங்க அஞ்சு மீட்டர் கூட இல்ல, நமக்கு அது கெடைக்காது, கெடைக்கவும் வேணாம், இந்த தெரு தாங்காது. ஆனா ஒரு பில்டர் மெயின் ரோட்டுல மூணு மனைய சேத்து வாங்க பேசிட்டு இருக்காரு, அதுக்கு பின்பக்கம் நம்ம சந்துல பதினோரு வீடு இருக்கு. விக்கிறது அவங்க உரிமை, அவங்கள தடுக்க சங்கத்துக்கு அதிகாரம் இல்ல. பின்பக்க செட்பேக் அளவையும், கார் நம்ம சந்து வழியா வராதுன்னும் எழுத்துல கேட்டிருக்கோம், பதில் இன்னும் வரல.

பழைய முகப்ப இடிக்கவே கூடாதுன்னு தீர்மானம் போடணும்னு சில இளைஞர்கள் கேட்டாங்க. அவங்க ஆசை எனக்கு புரியுது. போன மாசி மாசம் ஒரு வீட்டு மெட்ராஸ் டெரஸ, அந்த காலத்து மேல்தளத்த பிரிச்சப்ப நானும் நின்னு பாத்தேன், ஒல்லி ஒல்லியா செங்கல நிக்க வச்சு சுண்ணாம்புல பிடிச்சிருக்காங்க, கீழ தேக்கு சட்டம் ஒண்ணு கூட அரிக்கல. ஆனா அத ரிப்பேர் பண்ண ஆள் கெடைக்கல, கெடைச்சாலும் கூலி கொடுக்குற வசதி அந்த வீட்டு அக்காவுக்கு இல்ல. அழகு நம்ம எல்லாருக்கும் செலவு மட்டும் அவங்களுக்குன்னு தீர்மானம் போட எனக்கு மனசு வரல, பொதுக்குழுவும் ஒத்துக்கல.

அப்ப என்ன முடிவு பண்ணோம்னா, சென்னைப் பெருநகரத்துல எங்க என்ன கட்டலாம்னு சொல்ற, 2008-ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான், அடுத்த இருபது வருஷத்துக்கான மூணாவது மாஸ்டர் பிளான் வேலை போய்ட்டு இருக்கு. 1189 சதுர கிலோமீட்டருக்கு சேத்து போட்ட பிளான்ல நம்ம 16 அடி சந்து கண்ணுல படாது, நாமதான் அளந்து காட்டணும். சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நாம தரப்போற மனுவுல முக்கியமா கேக்குறது, உண்மையில சுவரோட சுவர் ஒட்டி இருக்குற தெரு எல்லாத்தையும் தொடர் கட்டடப் பகுதில சேருங்க, பக்கவாட்டு எடத்துக்கு பதிலா நடுவுலயோ பின்னாலயோ வானம் தெரியற முத்தம் ஒண்ணு கட்டாயம்னு வையுங்க. ஒரு மீட்டர் சந்து விட்டா குப்பையும் எலியும்தான் சேருது, அதே எடத்த முத்தமா விட்டா ரெண்டு வீட்டுக்கும் வெளிச்சம் வரும். நம்ம தாத்தாங்க அப்படித்தான் கட்டினாங்க. முன்பக்க திண்ணை அளவு எடத்தையும் ராம்ப்பையும் மனைக்குள்ளயே வச்சுக்கணும்னும் கேக்குறோம், இதுல கட்டறவங்களுக்கு கொஞ்சம் நஷ்டம்தான், அத ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டவங்கள்ல எங்க அண்ணனும் ஒருத்தர்.

மத்தபடி, தெருவிளக்கு ஏழு மாத்தியாச்சு, குடிதண்ணில கழிவுநீர் கலந்தது ரெண்டு தடவ, ரெண்டும் சரி பண்ணியாச்சு, ஆடி மாச கூழ் ஊத்துன கணக்க பொருளாளர் வாசிப்பாரு.

வர ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு பிள்ளையார் கோயில் முன்னாடி டேப்போட நிப்போம், வீட்டு அகலம், தெரு அகலம், ராம்ப் நீளம், கால்வாய் மூடி எல்லாம் வீடு வீடா அளக்கணும். பத்திரம் நகல் குடுக்க இஷ்டம் இல்லாதவங்க குடுக்க வேணாம், அளவு மட்டும் போதும். டேப்போட மறுமுனைய பிடிக்க ரெண்டு பசங்க வேணும், பேரு குடுக்குறவங்க இப்பவே குடுத்துடுங்க.