கேஸ் ஷீட்டில் தேதி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதைப் பழக்கம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரைகளை விடாமல் படித்தேன். அவற்றில் வராத ஒன்றை ஓர் அக்காவாக எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 21 வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கியது. ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைக் கிழித்து அடைத்தான். கைபேசி கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டினான். மருத்துவமனையில், "கஞ்சா பழக்கம் உண்டா?" என்றார்கள். உண்டு என்றோம். சிறுநீர்ப் பரிசோதனையும் அதையே சொன்னது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி: கஞ்சாவால் வந்த மனநோய். கடைசியாக எப்போது புகைத்தான், குரல் என்றிலிருந்து கேட்கிறது, எதுவும் அதில் இல்லை.

ஏழு மாதம் கஞ்சாவைத் தொடாமல் இருந்தவனுக்குக் குரல் திரும்ப வந்தது. அந்த வரியைப் பார்த்தவர்கள் எல்லோரும், "மறுபடி ஆரம்பிச்சிட்டானா?" என்றுதான் கேட்டார்கள். அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் அம்மாவை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். "யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கம்மா" என்று அவன் சொன்னது பள்ளி இறுதி ஆண்டில் என்று அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கஞ்சா அதற்கப்புறம் வந்தது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று அன்று தெரிந்தது.

தினமும் புகைத்தவருக்கு, நிறுத்திச் சில வாரம் ஆனாலும் சிறுநீரில் கஞ்சா தெரியும். அவர் புகைத்தார் என்பதற்குத்தான் அது சாட்சி, நோய் அதனால் வந்தது என்பதற்கு அல்ல. கஞ்சா போலவே போதை தரும் ரசாயனமான செயற்கைக் கஞ்சா சாதாரணப் பரிசோதனையில் சிக்குவதே இல்லை. அதனால்தான் காலக்கணக்கு முக்கியம். போதையை விட்டு ஏறக்குறைய ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் நீடித்தால் வேறு நோயா என்று பார்க்க வேண்டும் என்கிறது, 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு. தேதியே எழுதாமல் ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

போதையால்தான் வந்தது என்று உறுதியானாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, கஞ்சாவால் மனநோய் வந்தவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவு என்றே கண்டறியப்பட்டிருக்கிறது. தொடர்ந்து கவனிக்க வேண்டியவர்களை, "போதையை விட்டால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடுகிறோம்.

மருத்துவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கடைசியாக எடுத்த நாள், முதல் அறிகுறி தெரிந்த நாள், இதைச் சொன்னது யார், மூன்றையும் எழுதுங்கள். முடிவாகத் தெரியாவிட்டால் "இன்னும் உறுதியாகவில்லை" என்றே எழுதி, ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு நோட்டு போடுங்கள். அம்மாவின் நோட்டில் அவன் தூங்காத இரவுகள்கூடத் தேதியோடு இருக்கின்றன. இப்போதைய மருத்துவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

பழைய சம்மரியில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தித் தரும்படி மனு கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி