அப்பா மறந்துபோகும் நன்றி

டீக்கடைத் தம்பிக்கும், 108 வண்டியில் வந்த இருவருக்கும், ஐசியூ சிஸ்டருக்கும், நரம்பியல் டாக்டரம்மாவுக்கும்,

மார்ச் மாதக் காலையில் இதயம் நின்று அப்பா பெஞ்சிலிருந்து சரிந்தபோது, தம்பி, நீங்கள் அடுப்பைக்கூட அணைக்கவில்லையாம். பால் பொங்கி வழிய, வண்டி வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தீர்களாம். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "கம்பெனியில கிளாஸ் வச்சாங்க, வடை தர்றாங்கன்னு உக்காந்தேன்" என்றீர்கள். அந்த வடைக்கும் நன்றி.

சிஸ்டர், காய்ச்சல் ஏறவிடாமல் இரவெல்லாம் பார்த்துக்கொண்டீர்கள். ஏன் அவ்வளவு பதற்றம் என்று அப்போது புரியவில்லை.

மூன்றாம் நாள் அப்பா என் பெயரைச் சொன்னதும் வார்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தோம். "கொஞ்சம் பொறுங்க" என்றீர்கள், டாக்டரம்மா. வாய் வைக்கிறாரே என்று கோபப்பட்டேன், மன்னியுங்கள். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் கடல்குதிரை போல ஒன்றை வரைந்தீர்கள். ஹிப்போகேம்பஸ், புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதி. அதில் சிஏ1 என்ற சிறு பகுதி. ரத்தம் நின்றால் செல்லுக்குச் சக்தி தீர்ந்துபோகிறது. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியே கொட்டும் ரசாயனம் குளுட்டமேட்; அதைத் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. (அஜினோமோட்டோவில் இருப்பதும் இதுதான், ஆனால் பெரியம்மா சொல்வதுபோல நூடுல்ஸ் மேல் பழி இல்லை.) அந்தக் குளுட்டமேட்டுக்குத் திறக்கும் கதவுகள் சிஏ1 செல்களில் ஏராளம். கதவு திறந்தால் கால்சியம் வெள்ளமாய் உள்ளே புகுந்துவிடும். ரத்தம் திரும்பிய பிறகும் அது உள்ளிருந்து அரிக்கும். பக்கத்திலேயே இருக்கும் சிஏ3 செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுமாம். 1982-இல் ஜப்பானின் ஆராய்ச்சியாளர் கிரினோ, ஜெர்பில் எலிகளுக்கு மூளை ரத்தத்தை 5 நிமிடம் நிறுத்திப் பார்த்தார். முதல் நாள் நன்றாகத் தெரிந்த சிஏ1 செல்கள் நான்காம் நாளுக்குள் செத்திருந்தன. நீங்கள் பொறுக்கச் சொன்னது அதற்குத்தான். காய்ச்சல் ஏறினால் இந்தச் சேதம் கூடுமாம்; சிஸ்டர் பதறியதும் அதனால்தான்.

டம்ளர் வாயருகே வரும்போது கை நடுங்குவது சிறுமூளையின் புர்கிஞ்சி செல்களால். அவையும் அதே போல நொய்ந்தவை. பிசியோ தம்பிக்கு நன்றி, இப்போது பாதிதான் சிந்துகிறது.

நாற்பது வருடத்துக்கு முந்தைய சம்பளக் கணக்கைச் சொல்பவர் காலையில் தின்ற இட்லியை மறப்பது நடிப்பு என்று வீட்டில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தச் சீட்டைக் காட்டினேன். அடங்கிவிட்டார்கள்.

தினமும் அப்பா கேட்கிறார்: "என்னைக் காப்பாத்துனது யாரும்மா?" சொன்னதும் கண் கலங்குகிறது. "ஒரு நாள் கூட்டிட்டு வா, கையைப் புடிச்சு நன்றி சொல்லணும்."

தம்பி, நீங்கள் நான்கு முறை வந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறீர்களா?